வெட்டி எடுத்த இருமல்

விட்டுப்போன இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு, ரேடியோ ரிப்பேர் கடை முக்காலியில் குணசுந்தரி மெல்ல உட்கார்ந்தாள். மேஜை மேல் டேப் ரிக்கார்டரில் ஒரு குறட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா பாய்? இஞ்சின் படகு கரை ஏறுற மாதிரி இல்ல? இதுக்குப் பக்கத்துலதான் பதினோரு வருசமா படுக்கிறேன்."

கடைக்கார அப்துல் லத்தீப் சிரித்தார். அந்தக் குறட்டைப் பந்தயம் கோட்டைக்குப்பம் முழுக்கத் தெரிந்ததுதான். ராத்திரியெல்லாம் ஏரியில் வலை போட்டு வரும் அவள் புருசன் கண்ணப்பனும், பொன்னேரியில் மீன் விற்று வரும் அவளும் மத்தியானம்தான் கண்ணை மூடுவார்கள். குறட்டை விடுவது நீதான், நீதான் என்று தினமும் சண்டை. கடைசியில் லத்தீபிடமே டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கிப் போய், நேற்று தலைமாட்டில் ஓடவிட்டுப் படுத்தார்கள்.

தோற்றவர் ஒரு மாசம் நல்ல தண்ணி தூக்க வேண்டும். ஏரியோரக் கிணறெல்லாம் உப்பு. ஒரு மைல் நடை, நாளைக்கு ஆறு குடம், கல்யாணமான நாளிலிருந்து அவள் இடுப்பில்தான். அந்தக் குப்பத்தில் குடத்தைத் தொட்ட ஆம்பளை கிடையாது.

கேசட்டில் வேண்டாததெல்லாம் விழுந்திருக்கிறது என்றாள். காக்கா கத்துகிறது, பக்கத்து வீட்டு நாகம்மாள் ஆட்டைத் திட்டுகிறாள், நடுவில் ஒரு இருமல் வேறு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குறட்டை மட்டும் சுத்தமாகக் கேட்கும்.

லத்தீப் கேசட்டின் திருகுகளைக் கழற்றினார். நாடாவைப் பிளேடால் வெட்டி, செல்லோ டேப்பால் ஒட்டிக்கொண்டே வந்தார். இருமல் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் ஓட்டிக் கேட்டார்.

"இது யாரும்மா?"

"அவருதான். பீடி இருமல்."

லத்தீப் அவள் முகத்தைப் பார்த்தார். இடுப்பில் இருந்த கையையும் பார்த்தார். பிறகு அந்த இடத்தில் பிளேடை வைத்து வெட்டினார். வெட்டிய ஒரு சாண் நாடாவை ஏனோ குப்பையில் போடாமல் தீப்பெட்டிக்குள் சுருட்டி வைத்தார்.

அன்று சாயங்காலமே வாசலில் தெருக் கூடிவிட்டது. தீர்ப்பு நாகம்மாளுடையது. பத்து நிமிசம் குறட்டை ஓடியது, பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணப்பன் நடுவில் ஒரு தரம் எதையோ தேடுகிறவன் போலத் தலையைத் தூக்கினான். பிறகு குனிந்துகொண்டு, "சரி, தோத்துட்டேன்" என்றான்.

மறுநாள் குடம் அவன் தோளுக்கு ஏறியது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், "இன்னா நைனா, பொடவை எப்ப கட்டப்போற?" என்று கேட்டார்கள். "பந்தயம்பா, இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். வீட்டில் குணசுந்தரி பதினோரு வருசத்தில் முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

பத்தாம் நாள் லத்தீபுக்கு மனசு கேட்கவில்லை. குடத்தோடு கடைப்பக்கம் வந்தவனை நிறுத்தி, தீப்பெட்டியைக் கையில் வைத்தார்.

"தப்பு பண்ணிட்டேன் கண்ணப்பா. இதுல இருக்கிறது உன் இருமல். நீ இருமுறப்பவும் குறட்டை நிக்கவே இல்ல."

கண்ணப்பன் குடத்தை இறக்கவில்லை. தீப்பெட்டியை அவர் மேஜைக்கே தள்ளினான்.

"தெரியும் பாய், முழிச்சுக்கினு கெடந்தவன் நான்தானே. அடுத்த மாசத்துக்கும் நான் தோக்குற மாதிரி ஒரு பந்தயம் யோசிச்சு வை. பதினோரு வருசத் தண்ணி பாக்கி இருக்குது."