ஒரு வாய் மோர்ச்சோறு

"ஏனுங்க, மோரு ஊத்திக் குழையப் பிசைஞ்சு கொண்டாந்திருக்கறனுங்க. ஒரே ஒரு வாய்!"

"வேண்டாம்னா வேண்டாம். ஆஸ்பத்திரி பிரெட்டே போதும் எனக்கு."

காளிச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். டைபாய்டு இரண்டாம் தடவையாகப் பிடித்து, சித்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எமர்ஜென்சி வந்து பஸ்கூட நேரத்துக்கு ஓடிய காலம் அது. கோவிந்தாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் தூக்குப்போசியோடு வந்திருந்த அவன் மனைவி வள்ளியாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்கையில தின்னாத்தான் சோறு எறங்கும்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சவருதானுங்களே நீங்க?"

"அப்பச் சொன்னேன். இப்பப் புடிக்கலை. ஊட்டுக்கு வந்தாலும் இனி அடுப்படி என்னோடது. நீ காட்டு வேலையப் பாரு."

"அய்யோ சாமி! ஆம்பள அடுப்பூதுனா நாலு பேரு என்னையத்தானே காறித் துப்புவாங்க? நான் அப்படி என்ன குத்தம் பண்ணீட்டனுங்க?"

வள்ளியாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கைச்சோற்றை அவன் மறுத்ததே இல்லை. புருசனுக்குத் தன்மேல் மனசு விட்டுப்போச்சு என்றே நினைத்தாள். பாவம், வேறென்ன நினைப்பாள்!

"குத்தமுமில்லை, ஒண்ணுமில்லை. இந்தா, இந்தக் கேப்சூலை முழுங்கு. இளைச்சுப் போயிட்டீன்னு டாக்டர் உனக்குச் சத்து மாத்திரை குடுத்திருக்காரு. வேளை தவறப்படாது, ஆமா."

"க்கும்! மாத்திரையில மட்டும் அக்கறை பொத்துக்கிட்டு வருதாக்கும்!"

முனகிக்கொண்டே விழுங்கினாள். பிசைந்த சோற்றைக் காக்காய்க்கு வைக்க, கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

அவள் தலை மறைந்ததும் நர்ஸ் ஏலியம்மா கட்டிலருகே வந்தாள்.

"என்ன ஆளு நீங்க? கிருமி அவங்க வயித்துலதான் ஒளிஞ்சிருக்குன்னு டெஸ்ட்ல தெரிஞ்சாச்சு. அவங்களுக்குக் காய்ச்சல் வராது, கைவழியா அடுத்தவங்களுக்குத்தான் பரவும். மருந்து தின்னா மாறிடும். அதை நேராச் சொன்னா என்ன? இப்படியா அழ வைக்கிறது?"

காளிச்சாமி வாசலையே பார்த்தான். அவனுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அழுகட்டுமுங்க சிஸ்டர். எம்மேல கோவம் வரும், அவ்வளவுதானுங்களே? போன வைகாசியில எங்க பாப்பா இதே காய்ச்சல்லதானுங்க செத்துப்போச்சு. அதுக்குக் கடைசி வரைக்கும் வள்ளிதானுங்க பிசைஞ்சு பிசைஞ்சு ஊட்டுனா."