மூன்றாவது கையெழுத்து

வீட்டை விற்கிற உறுதிப் பத்திரத்தின் இரண்டு பிரதிகளில் கையெழுத்துப் போட்டு முடித்து, மூன்றாவதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் றம்லத் என் காதருகே குனிந்து சொன்னாள்.

"கர்ட்டன் எல்லாம் தெச்சி முடிச்சிட்டேன் ராத்தா. அஞ்சு யன்னலுக்கும் அளவு சரியா ஈக்கும்."

றம்லத்தும் அவள் கணவரும்தான் என் வீட்டை வாங்குகிறவர்கள். கண்டியில் உறுதி எழுதுகிற நொத்தாரிசின் மாடியறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

நல்லது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அன்றும் விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, உள்ளே ஒரு நடை பார்த்துவிட்டுப் போனார்கள். யன்னலை யாரும் அளக்கவில்லை.

எப்போது அளந்தாய் என்று கேட்டேன்.

"நோன்புக்கு முந்தியே. நீங்க தங்கச்சிக்கி புள்ள கெடச்ச எண்டு வத்தேகமக்கி போய் ஈந்தீங்களே, அப்ப ஹலீம் நானாதானே ஊட்டத் தொறந்து எல்லாம் காட்டின."

ஹலீம் நானா என்றது என் கணவரை. எனக்கு இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டை விற்கலாமா என்று அல்லாஹ்விடமே கேட்டு நான் இஸ்திகாரா தொழுதது நோன்பும் முடிந்து, பெருநாளும் கழிந்த பிறகு.

இந்த வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு தெஹிவளைக்குப் போய்விட வேண்டும், தன் தம்பியின் கடையில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஹலீம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடுகண்ணாவையில் இருக்கிற அந்த வீடு, வாப்பா என் பெயருக்கு எழுதித் தந்தது. உலகத்தில் என் பெயரில் இருக்கிற ஒரே பொருள் அதுதான்.

கெஞ்சினார். கோபித்தார். இரண்டு நாள் சாப்பிடாமல்கூடக் கிடந்தார். கடையில் ரொட்டி தின்றுவிட்டுத்தான் பட்டினி கிடந்தார் என்பது பிறகு தெரிந்தது. நான் அசையவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு நாள் மிகவும் சாந்தமாக வந்தார். நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், அல்லாஹ்விடமே கேட்போம் என்றார்.

அதற்கு எப்படி மாட்டேன் என்பேன்?

ஏழு நாள் கேட்டேன். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் ஹைர் என்றால் எனக்கு லேசாக்கித் தா, கெடுதி என்றால் என்னை விட்டுத் திருப்பிவிடு என்று கையேந்தினேன். தினமும் தொழுகை விரிப்பை, முஸல்லாவை, விரித்துத் தந்தது ஹலீம். பக்கத்தில் அவரும் தொழுதார். ஒரு நாள் துஆவில் அழுதும்விட்டார். மனிதர் இவ்வளவு நல்லவரா, வீணாகச் சண்டை பிடித்தோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கனவில் பதில் வரும் என்பார்கள். எனக்குப் படுத்தால் தூக்கம் மட்டும்தான் வரும். கனவெல்லாம் தேவையில்லை, ஹைரான காரியம் என்றால் பாதை தானாகத் திறக்கும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான்.

பாதை திறந்தது. கண் முன்னால் திறந்தது.

நாலாம் நாள், இடமே இல்லை என்றிருந்த தெஹிவளைப் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் கிடைத்தது. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒரு புருஷனும் பெண்சாதியும் கேற்றடியில் வந்து நின்று, இந்த வீட்டை விற்பீர்களா என்று கேட்டார்கள். விற்பதைப் பற்றி நான் வெளியில் மூச்சு விட்டதில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. அறைக்குள் போய் சுஜூதில் விழுந்து அழுதேன். வீடு போகிறதே என்று அழவில்லை. ஒன்றுமில்லாத எனக்கும் றப்பு பதில் சொன்னானே என்று அழுதேன்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்து அழைப்பு வந்தது அவருடைய போனுக்கு. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வேலை செய்கிற கடைக்குத் திரும்பவே இல்லை, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார். விருந்தாளி வந்தால் மட்டும் வாங்குகிற கிரீம் பிஸ்கட், அன்று காலையிலேயே அலுமாரியில் இரண்டு பக்கற் இருந்தது.

என்னை ஏமாற்றினார், சரி, போகட்டும். எத்தனையோ பேர் பெண்சாதியை ஏமாற்றுகிறார்கள். ஆனால் அல்லாஹ் சொல்ல வேண்டிய பதிலை இவர் முதலே எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். நான் கையேந்தி நின்றபோது பக்கத்தில் நின்று ஆமீன் சொல்லியிருக்கிறார்.

திரும்பி அவரைப் பார்த்தேன். றம்லத் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் மூன்றாவது பிரதியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"போடு பாயிஸா. இஸ்திகாரா செஞ்சி எடுத்த முடிவுதானே."

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தது என் பிழை.

"ஓ, செஞ்சதுதான். பதில் இப்பதான் வந்தீக்கி."

போட்டிருந்த இரண்டு கையெழுத்துகளையும் குறுக்காக வெட்டிவிட்டுப் பேனையை மூடி வைத்தேன். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். றம்லத் பாவம், தான் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் விழித்தாள்.

வீடு தப்பிவிட்டது. அந்த வீட்டுக்கு இனி அவரோடுதான் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும்.