பாய்லருக்குக் கேட்ட சண்டை

ஊட்டியில் உறைபனி விழுந்த அன்று காலை, மலை ரயில் ஓட்டுநராகக் கமலவேணிக்கு முதல் நாள். குளிக்கப் போனால் பாய்லர் நின்றுபோய், அதன் திரையில் ‘61’ என்று மின்னிக்கொண்டிருந்தது. பாய்லர் பராமரிப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“பாய்லர்ல ஒரு கோளாறும் இல்லக்கா,” என்றாள் மெக்கானிக் ஜெபராணி. “அறுபத்தொண்ணுன்னா வீட்டுல சண்டை. கோபத்துல இருக்கறவங்க கையில அது கொதிக்கிற தண்ணியக் குடுக்காது. ரெண்டு பேரும் அது முன்னால நின்னு மனசு விட்டுப் பேசுங்க.”

“சும்மா நடிச்சா?”

“குரலை வெச்சே கண்டுபிடிச்சிரும்.”

“நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று முந்தின நாள் கத்தியது அவள் கணவன் தனசேகரன்தான். அவனைக் கையோடு இழுத்து வந்து நிறுத்தினாள்.

“நீ நல்லா ஓட்டுவ. எனக்கு ரொம்பச் சந்தோஷம்,” என்றான் அவன். ‘61’ அசையவில்லை. அவன் முகம் சிவந்தது.

“பயமா இருக்கு வேணி,” என்றான் பிறகு, மெல்ல. “அந்த மலை வளைவுகள்ல நீ ரயில் ஓட்டறத நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. அதைச் சொல்லத் தெரியாமத்தான் கத்திட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட மனுசா, இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? பயமா இருந்தா நீங்களும் வண்டியில ஏறிக்கங்க!”

எண் மறைந்தது. பாய்லர் உறுமிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒன்பது மணிக்கு ரயிலின் முதல் பெட்டியில் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தபடி தனசேகரன் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வளைவு தாண்டியதும் கம்பியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினான்.

“ஓட்டறது என் வீட்டுக்காரி,” என்றான்.