அடுப்போரத்துப் பாலிகை

"என்னாங்க, ஒன்னாவது முளைச்சிருக்கா?"

அன்று காலையில் அம்சவல்லி இதைக் கேட்பது ஐந்தாவது முறை.

இராமையா மண்சட்டியின் மேல் குனிந்திருந்தார். விதைத்த அன்று எப்படி இருந்ததோ, மண் இன்றும் அப்படியே இருந்தது.

அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண்ணுக்குப் பரிசம் போடுவதற்கு முன், அவளுடைய அம்மா ஒரு சட்டியில் பச்சைப்பயறு விதைத்து முளைப்பாலிகை வைக்க வேண்டும். ஏழு நாளில் முளை வந்தால்தான் சம்பந்தம். வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இன்று ஏழாம் நாள். பத்து மணிக்கு ஈப்போவிலிருந்து இராமையாவின் அக்கா துளசி போன் செய்வாள். மாப்பிள்ளை மகேன் அவள் பார்த்த பையன். அக்கா பேச்சை மறுக்கும் தைரியம் இராமையாவுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

"வெளிய வச்சிருந்தா வெயில் பட்டிருக்கும். நான் அப்பவே சொன்னேன் லா," என்றாள் அம்சவல்லி.

"என்னா பேச்சு பேசுற? ராத்திரி வெளிய என்னா குளிரு! தேயிலைக் காட்டுப் பனி மொத்தமும் நம்ம வாசல்லதான் இறங்குது. கீழ ஈப்போவுலன்னா வெளியவே விதைக்கலாம், மூணு நாள்ல வந்துரும். இங்க உள்ளாற முளைக்க வச்சித்தான் வெளிய கொண்டு போவணும். தக்காளி, குடைமிளகா எல்லாம் அப்படித்தான போடுறேன்? அதான் அடுப்போரமா வச்சேன்."

அதுதான் அவருக்குப் புரியவில்லை. மலைமேல் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கால் ஏக்கரில் இருபது வருடமாக நாற்று விட்டுப் பிழைக்கிறவர். அவர் வீட்டில் பச்சைப்பயறு முளைக்கவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

"பயறப் பொறுக்கி எடுத்து நீதான விதைச்ச? சொத்த கித்த இருந்திச்சா?"

"நல்லாப் பாத்துத்தாங்க எடுத்தேன்." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த மகள் குமுதாவின் கைபேசி அதிர்ந்தது. மகேன்தான். பிரிஞ்சாங் டவுன் ஓட்டல் வேலையை எப்போது விடப்போகிறாய், நேற்று யார் யாரோடு பேசினாய் என்று தினமும் விசாரணை. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். போன வாரம் அவள் அம்மாவின் மடியில் விழுந்து அழுதது இராமையாவின் காதிலும் விழுந்ததோ என்னவோ, அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அம்சா! இங்க பாரு, பச்சையா ஒன்னு!"

அம்சவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடி மாரியாத்தாளை வேண்டிக்கொண்டாள்.

இராமையா அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். "ச்சே, புல்லு."

அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

"மனச விட்டுறாத. இன்னும் பத்து நிமிசம் இருக்கு லா," என்று அவர் தேற்றினார்.

பத்து நிமிடமும் ஓடியது. இராமையாவுக்குப் பொறுக்கவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டுத் துழாவி ஒரு பயறை எடுத்தார்.

"தோண்டாதீங்க, அது குத்தம்!" அம்சவல்லி ஓடிவந்தாள்.

அதற்குள் அவர் நகத்தால் அதைப் பிளந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குமுதாவைப் பார்த்தார்.

போன் அடித்தது.

"ஆமாக்கா, பாத்துட்டேன். அடுப்போரமா வச்சி, வெதுவெதுன்னு தண்ணி தெளிச்சி, எல்லாம் பண்ணியாச்சி. ஒன்னுகூட வரல. நான் என்னாக்கா செய்யிறது? தெய்வமே வேணாம்னு சொல்லுது. மகேன் வீட்டுல சொல்லிருங்க."

குமுதா முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். அம்சவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள்.

இராமையா போனை வைத்துவிட்டு, பிளந்த பயறை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அடுத்த தடவ பயறு வறுக்கிறப்ப தீயக் கொறச்சி வை, அம்சா," என்றார். "உள்ளாற வரைக்கும் செவந்து போச்சி."