தலைவயல்காரி

"ஐயோ, துலிமாய் வர்றா! தண்ணி எடுங்க, தண்ணி!"

வாசலில் பதறிய அகினாயாவின் கால்களில் முட்டி வரை சேறு. புருஷன் புகோங் செம்பைத் தேடுவதற்குள் துலிமாய் கல்படி ஏறி வந்தேவிட்டாள்.

துலிமாய் அந்த ஊரின் தலைவயல்காரி. அவள் வயலில் முதல் நாற்று விழாமல் ஊரில் ஒருத்தியும் நடவுக்குக் குனியக் கூடாது. மீறினால் ஊருக்கு ஒரு பன்றி வெட்டிப்போட வேண்டும். இஃபுகாவ் மலையில் பழைய கட்டுப்பாடு அது.

அகினாயா நாலு வருஷமாக மீறிக்கொண்டிருந்தாள். அறுப்புக்கு முன்பே புயல் வந்து கதிரை வாரிக்கொண்டு போன வருஷத்திலிருந்து, மூங்கில் புதருக்குப் பின்னால் இருக்கும் வளைவு வயலில் மட்டும் ஊருக்கு முந்தி நட்டுவிடுவாள். அடுத்த வீட்டில் என்ன வேகிறது என்பதை வாசனையிலேயே சொல்கிறவள், இந்த ஒரு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டாள். இன்றும் அங்கிருந்துதான் வந்திருந்தாள்.

மற்ற நேரத்தில் அந்த வாய்க்கு ஓய்வு ஏது? நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது, துலிமாய் இன்னும் நாள் சொல்லவில்லை என்று வீடு வீடாகப் போய் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, காலெல்லாம் சேறு?" துலிமாய் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள்.

"வயல்ல நத்தை பொறுக்கப் போனேன்."

"ஒண்ணுகூட ஆப்பிடலையாம்," என்றான் புகோங், காலிக் கூடையைப் பார்த்து, பெரிய உதவி செய்வதாக நினைத்து.

"குழம்பே வச்சாச்சு!" என்றாள் அகினாயா அதே மூச்சில்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"எனக்கும் ஒரு கரண்டி ஊத்தேன்," என்றாள் துலிமாய்.

"தீந்துபோச்சு. இந்த மனுஷன் சட்டியையே வழிச்சுட்டாரு."

புகோங் சாப்பிடாத குழம்புக்கு ஏப்பம் விட்டு வைத்தான்.

துலிமாயின் பார்வை கொட்டில் பக்கம் போனது. "பன்னி நல்லா கொழுத்திருக்கே, அண்ணே."

புகோங் நகர்ந்து கொட்டிலை மறைத்து நின்றான். இருப்பதே ஒரு பன்றி. அதுவும் மகன் கல்யாணத்துக்கு வளர்வது. புருஷன் எதையாவது உளறும் முன் அகினாயா பாய்ந்தாள்.

"பன்னியை விடு. நீ எப்ப நாள் சொல்லப்போற? ஊரே கரிச்சுக் கொட்டுது!"

"கேக்குது, கேக்குது. முக்காவாசி உன் குரல்லதான் கேக்குது."

"ஏன் கேக்காது? தலைவயல்காரின்னு பேரு மட்டும் வேணும், நாள் சொல்ல வாய் வராதா?"

"எங்கப்பா காலத்துல குளிர் வரும், பறவை வரும், நாளும் தானா வரும். இப்ப ஜனவரிக் குளிரையே காணோம். பறவை வந்தா மழை இல்ல, மழை வந்தா பறவை இல்ல. எதைப் பாத்து மதினி நான் நாள் சொல்றது?"

"அதுக்குன்னு நாத்து கிழவியாகற வரைக்கும் உக்காந்திருப்பியா?"

துலிமாய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தாள். "சரி, நாளைக் காலையில நடவு. உன்கிட்ட சொல்லிட்டேன், இனிமே ஊர்ல தனியா சொல்ல வேண்டியதில்ல."

பன்றி பிழைத்தது. புகோங் கும்பிடாத குறை. அகினாயா நீளமாக மூச்சு விட்டாள். ஊருக்குச் சேதி சொல்ல இப்போதே நாக்கு துறுதுறுத்தது.

இரண்டு படி இறங்கிய துலிமாய் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, மூணு வருஷமா உன் வளைவு வயல் நாத்து வேர் புடிச்சதைப் பாத்துட்டுத்தான் நான் நாள் சொல்றேன். இந்த வருஷம் உன் தங்கச்சி பேறுகாலம்னு பாகியோ டவுன்ல பத்து நாள் உக்காந்துட்டு, நீ பிந்தி நட்டுட்டு, ஏச்சு மட்டும் எனக்கா?"