இரண்டாம் பாகமும் ஒரு பல்லியும்

ஒரு தியேட்டரின் பின்சுவரில் கிழப் பல்லி ஒன்று குடியிருந்தது. அங்கே ஒரு படத்தின் முதல் பாகம் ஓடிய நாளெல்லாம், மூக்குக்கு நேரே வந்த கொசுவைக்கூடப் பிடிக்காமல் வாய்பிளந்து பார்த்த பல்லி அது. இன்று இரண்டாம் பாகம். காலையிலேயே நல்ல இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

இடைவேளை வருவதற்குள் அதற்கு வால் துவண்டுவிட்டது. கதாநாயகன் பழைய வசனத்தையே மறுபடியும் சொன்னான். விசிலடிக்க வாய்க்குக் கொண்டுபோன விரலால் ஜனங்கள் செல்போனைத் தடவினார்கள்.

"ஏம்ப்பா, எனக்குத்தான் வயசாயிடுச்சா?" என்று சுவரோரச் சீட்டுக்குள் இருந்த மூட்டைப்பூச்சியிடம் கேட்டது பல்லி.

"அட நீ வேற! முதல் பாகத்துல நான் வயிறு முட்டக் குடிச்சாலும் ஒருத்தனுக்கும் உறைக்காது. இன்னிக்கு வாய் வைக்கிறதுக்குள்ள சொறியறான். பட்டினிதான் போ."

கூட்டம் எப்படி ரசிக்கிறது என்று பார்க்க வந்த தயாரிப்பாளர், அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு இயக்குநரின் காதைக் கடித்தார். "மூணாம் பாகம் எடுத்தா ஓடுமில்ல?"

பல்லியால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் காத்துக் கிடந்த அலுப்பெல்லாம் சேர்ந்துகொள்ள, "ச்சு... ச்சு... ச்சு..." என்று உச்சுக்கொட்டியது.

தயாரிப்பாளர் சட்டென்று நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு! பூஜைக்கு நாள் குறிய்யா!"