மண் வைத்துக்கொள்ளாத பிள்ளை

பூமி சூடேறி நெல் விளையத் தொடங்கிய சைபீரிய வயலில் பனி இளகியதும் இந்த வருஷமும் கற்கள் மேலே வந்துவிட்டன. குளிரில் இறுகி, வெயிலில் குழைந்து, அந்த மண் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் மேலே தள்ளிவிடும். நாகப்பட்டினத்திலிருந்து நெல் நடக் குடியேறிய செங்கமலம் கற்களைத் தாண்டி ஓடினாள். தன் குழந்தையைப் புதைத்த பெட்டியைத் தேடினாள். கல் அள்ளும் இயந்திரம் பக்கத்து வயலில் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குக் கல்லும் ஒன்று, பெட்டியும் ஒன்று.

குழந்தை இறந்தபோதே பண்ணை மேற்பார்வைக்காரி ஐதா எரித்துவிடச் சொன்னாள். "பால்குடி மாறாத புள்ளய எங்க ஆளுங்க எரிக்க மாட்டாங்கம்மா" என்று செங்கமலம்தான் பிடிவாதம் பிடித்தாள்.

"கமலம், பாப்பா இங்க இருக்கா, வா" என்று கணவன் முத்தையன் கூப்பிட்டான்.

புதைத்த இடத்தை விட்டு நகர்ந்து, பெட்டி பாதி வெளியே சாய்ந்து கிடந்தது. அவன் துண்டால் அதை மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். "இன்னும் ஆழமாத் தோண்டுறேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"கீழ ஐஸு பாறையாட்டம் கெடக்கு. நான் என்னதான் பண்றது?"

இயந்திரம் அவர்கள் பக்கம் திரும்பியது. செங்கமலம் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூடியில் ஒட்டியிருந்த ஈர மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"மண்வெட்டியப் போட்டுட்டு வெறகு கொண்டாங்க," என்றாள். "நல்லாக் காஞ்சதாப் பாத்து எடுங்க. பொகையில புள்ளைக்குக் கண்ணு எரியும்."